விண்மீன்வழிக் கடற்செலவுக்கான செக்ஸ்டன்ட்: தெரிவும் பேணுதலும் – கொல்லிமலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழரின் கடற்செலவு பற்றிய ஆய்வுகளில் துருவ மீன், அட்சரேகை, இராப்பலகை ஆகியவை தொடர்ந்து பேசப்படுகின்றன. ஆயினும் அவற்றைக் கருவிகொண்டு அளந்து சரிபார்த்த பின் எழுதும் வழக்கம் அருகியே காணப்படுகிறது. அத்தகைய சரிபார்ப்புக்கு ஏற்ற செக்ஸ்டன்டை எவ்வாறு தெரிவு செய்வது, எவ்வாறு பேணுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கடலடிவானம் இல்லாத கொல்லிமலை இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. கருவியின் தரம் அதன் பிழையின்மையில் இல்லை, பிழையை அறிய இயல்வதில்தான் உள்ளது என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: செக்ஸ்டன்ட், கொல்லிமலை, இராப்பலகை, துருவ மீன், செயற்கை அடிவானம், சுட்டுப் பிழை.

முன்னுரை

கொல்லிமலைக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்றே எவர்க்கும் முதலில் தோன்றும். நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்த இம்மலை, சங்க இலக்கியம் பயின்றோர்க்கு ஓரியின் மலை. கொல்லிப்பாவை உறைந்த மலை. ஆனால் நிலவரைபடத்தில் இம்மலையின்மீது கிழக்கு மேற்காக ஒரு கோடு வரைந்தால் மேற்கே கோழிக்கோட்டைத் தொடும். கிழக்கே பூம்புகாருக்குச் சற்று வடக்கே கடலில் இறங்கும். கோழிக்கோட்டின் அட்சரேகை 11 பாகை 15 கலை. பூம்புகாருடையது ஏறத்தாழ 11 பாகை 9 கலை. கொல்லிமலையுடையதும் 11 பாகை 15 கலையை ஒட்டியதே. (பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை எனப்படும். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர்.) ஆகவே பூம்புகார்த் துறையிலிருந்து கலம் செலுத்துவோர் காணும் விண்மீன் உயரங்களையே கொல்லிமலையில் நிற்போரும் காண்கின்றனர். கடற்கரைக்குச் செல்லாமலே சோழநாட்டுத் துறைமுகம் ஒன்றின் வானத்தை அளந்து பார்க்க உள்நாட்டு ஆய்வாளர்க்கு இம்மலை இடந்தருகிறது.

அளந்து பார்த்தல் ஏன் வேண்டும்?

தமிழர் கடற்செலவைப் பற்றிய கட்டுரைகள் சிலவற்றில், சங்ககால மீகாமர் துருவ மீனை நோக்கி அட்சரேகை அறிந்தனர் என்னும் கூற்று ஐயமின்றி எடுத்தாளப்படுகிறது. இக்கூற்றில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது வானியல் சார்ந்தது. புவியின் அச்சு மெல்லத் திசைமாறி வருவதால், இன்று துருவ மீன் எனப்படும் விண்மீன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வான்முனையிலிருந்து ஏறத்தாழ 12 பாகை விலகி நின்றது. பூம்புகாரின் அட்சரேகையே 11 பாகைதான் என்பதை நினைவிற்கொண்டால், அவ்விண்மீன் அக்காலத்தில் நாள்தோறும் வடக்கடிவானத்தின்கீழ் மறைந்தெழுந்திருக்கும் என்பது விளங்கும். இரண்டாவது சொல் சார்ந்தது. சங்கப் பாடல்களில் வரும் ‘வடமீன்’ என்பதற்கு உரையாசிரியர்கள் அருந்ததி என்றே பொருள் கொள்கின்றனர். கற்புக்கு உவமையாக வரும் அச்சொல்லைக் கடலோட்டச் சான்றாகக் கொள்வதற்கு இடமில்லை. வடதிசை விண்மீன்களைக் கொண்டு மாலுமிகள் திசை அறிந்திருத்தல் இயல்பு. ஆயினும் திசையறிதல் வேறு, அட்சரேகை அளத்தல் வேறு.

பிற்காலச் சான்று இதனினும் உறுதியானது. சோழமண்டலக் கடற்கரை மாலுமிகளின் உத்திகளைப் பற்றி எச். காங்கிரீவ் 1850-இல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய குறிப்பு இராப்பலகையை விளக்குகிறது. சிறு மரப்பலகை ஒன்றின் நடுவிலிருந்து முடிச்சுகளிட்ட கயிறு புறப்படும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். கயிற்றைப் பல்லிற் கடித்துப் பலகையை நீட்டிப் பிடித்து, அதன் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடுமாறு செய்தால், அப்போது அமையும் முடிச்சு கலம் எத்துறையின் அட்சரேகையில் உள்ளது என்பதைக் காட்டும். அரபு மாலுமிகளின் ‘கமால்’ என்னும் கருவியும் இதுவே.

இதன் நுட்பத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பலகையின் உயரம் 5 சென்டிமீட்டர் எனக் கொண்டால், பூம்புகாருக்குரிய முடிச்சு 25.4 சென்டிமீட்டர் தொலைவிலும், நாகப்பட்டினத்துக்குரியது (10 பாகை 46 கலை) 26.3 சென்டிமீட்டர் தொலைவிலும் அமையும். இரண்டுக்கும் இடைவெளி 9 மில்லிமீட்டர். முடிச்சின் பருமனே 2 மில்லிமீட்டர் எனின் அதற்குள் 5 கலை, அதாவது 9 கிலோமீட்டர், அடங்கிவிடும். கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குக் கலத்தைக் கொண்டுவர இது போதும். அதற்குமேல் துல்லியம் உடையதென்று கூறுவது மிகையாகும்.

காங்கிரீவ் எழுதிய காலத்தில் துருவ மீன் முனையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை விலகியிருந்தது. ஆகவே ஒரே இரவில் அதன் உயரம் ஏறத்தாழ மூன்று பாகை ஏறியிறங்கியது. எந்நேரத்தில் அளப்பது என்னும் வழக்கு இல்லாத இராப்பலகை, நாகையைக் கடலூருக்கு வடக்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டு அரபு மாலுமி இப்னு மாஜித், உச்சியைக் கடக்கும் நாள்மீனைக் கொண்டு இவ்வேறுபாட்டைத் திருத்தும் ‘பாஷி’ என்னும் முறையைப் பேசுகிறார். தமிழ் மாலுமிகளிடையே இதற்கு நிகரான மரபு எவ்வாறு இருந்தது என்பது மேலும் ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு, துருவ மீனின் உயரம் ஓரிரவில் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கண்டறிந்த பட்டறிவு வேண்டும். இன்று அது முனையிலிருந்து 37 கலை அளவே விலகியுள்ளது. கொல்லிமலையில் அதன் உயரம் 10 பாகை 38 கலைக்கும் 11 பாகை 52 கலைக்கும் இடையே ஊசலாடும். இவ்வூசலைக் காட்டக்கூடிய கருவியே ஆய்வாளர்க்குத் தேவை. செக்ஸ்டன்ட் அத்தகையது.

கருவியின் அமைப்பு

1731-இல் ஜான் ஹாட்லி இலண்டன் இராயல் சொசைட்டியில் விளக்கிய ஆக்டன்ட் என்னும் கருவியே செக்ஸ்டன்டின் முன்னோடி. ஏறத்தாழ அதே காலத்தில் பிலடெல்பியாவின் தாமஸ் காட்ஃபிரேயும் இதனைத் தனித்துக் கண்டறிந்தார். 1757-ஐ ஒட்டி ஜான் கேம்பெல்லின் முயற்சியால் வில் வட்டத்தின் ஆறில் ஒரு பங்காக நீட்டப்பட்டது. பெயரும் அதனாலேயே அமைந்தது. நகரும் கையின் உச்சியில் சுட்டுக்கண்ணாடி உள்ளது. சட்டத்தில் நிலையாக அடிவானக் கண்ணாடி உள்ளது. பின்னதன் ஒரு பாதி மட்டும் இரசம் பூசப்பட்டது. விண்மீனின் ஒளி சுட்டுக்கண்ணாடியில் பட்டு, அடிவானக் கண்ணாடியில் பட்டு, கண்ணை அடைகிறது. பூசப்படாத பாதி வழியே அடிவானம் நேரே தெரிகிறது. இருமுறை எதிரொளிப்பதால் கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் பிம்பம் இரண்டு பாகை நகரும். ஆகவே 60 பாகை வில்லில் 120 பாகை வரை குறிக்கப்படுகிறது.

இவ்வமைப்பின் சிறப்பு, விண்மீனும் அடிவானமும் ஒரே பார்வைக்குள் ஒட்டி நிற்பதே. கலம் ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடுகின்றன. இராப்பலகையில் கண் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்குமாக அலைய வேண்டியிருந்தது. செக்ஸ்டன்ட் நீக்கியது அந்த அலைச்சலையே.

தெரிவு

விலைக்குக் கிடைப்பவற்றுள் முதலில் விலக்கத்தக்கது அலங்காரப் பித்தளைக் கருவி. பழைய இலண்டன் நிறுவனங்களின் பெயர் பொறித்து, மரப்பெட்டியுடன் இந்தியப் பித்தளைப் பட்டறைகளில் செய்யப்படும் இப்பொருள்கள் மேசைமீது வைத்தற்குரியவை. இவற்றை இனங்காண்பது கடினமன்று. கண்ணாடிகளின் பின்புறம் திருத்தும் திருகுகள் இரா, இருந்தாலும் திரும்பா. வில்லின் கோடுகள் ஒரே இடைவெளியில் அமையா. வெர்னியரின் முதற்கோடும் இறுதிக்கோடும் வில்லின் கோடுகளோடு ஒருசேரப் பொருந்தா. கல்லூரி அருங்காட்சிப் பேழைக்காக இத்தகைய ஒன்றை வாங்கிவிட்டு, அதைக் கொண்டு அளக்க முயன்றால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

அடுத்தது நெகிழிக் கருவி. அமெரிக்க டேவிஸ் நிறுவனத்தின் மார்க் 15, மார்க் 25 ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இலேசானவை, விலை குறைந்தவை, துருப்பிடியாதவை. குறை யாதெனின் வெப்பத்தால் நெகிழி விரிந்து சுட்டுப் பிழை சில கலை அளவுக்கு மாறிக்கொண்டே இருக்கும். பழுதுள்ளதென்று இதனைத் தள்ளுவது பொருந்தாது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் பிழையைக் கண்டு குறித்துக்கொள்வோர்க்கு இது பயன்தரும். மாணவரைப் பயிற்றுவிக்க இதுவே உகந்தது எனலாம். பிழை கண்முன் மாறுவதால் பிழையைப் பற்றிய விழிப்பு அவர்களுக்குத் தானே வந்துவிடும்.

உலோகக் கருவிகளுள் செருமனியின் காசன்ஸ் அண்ட் பிளாத், ஃபிரைபெர்கர், சப்பானின் தமயா, சீனாவின் அஸ்திரா 3பி ஆகியவை கடலோடிகளிடையே பழகிய பெயர்கள். பித்தளைச் சட்டம் கனமானது. காற்றில் கை நடுங்காமல் நிற்க அக்கனம் உதவும். அலுமினியக் கலவைச் சட்டம் இலேசானது. நீண்டநேரம் பிடித்திருக்கக் கை சோராது. இவ்விரண்டுக்கும் இடையே தேர்வது அவரவர் தோள்வலியைப் பொறுத்தது.

பயன்படுத்தப்பட்ட பழைய கருவியை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை வேறு. வெர்னியர் உடைய பழைய கருவி 10 விகலை வரை காட்டும். ஆனால் மங்கலில் உருப்பெருக்கி கொண்டு படிக்க வேண்டும். நுண்ணளவி உருளை உடையது ஒரே பார்வையில் கலையின் பத்தில் ஒரு பங்கைத் தரும். ஆனால் அதன் புழுத்திருகும் வில்லின் பற்களும் தேய்ந்திருத்தல் கூடும். தொலைவிலுள்ள விளக்கொன்றின் இரு பிம்பங்களையும் உருளையை வலப்புறம் திருப்பி ஒருமுறையும் இடப்புறம் திருப்பி ஒருமுறையும் பொருத்திப் பார்க்க வேண்டும். இரு அளவுகளும் ஒரு கலைக்கு மேல் வேறுபட்டால் அக்கருவியைத் தவிர்ப்பது நன்று. பழைய பிரித்தானியக் கருவிகள் பலவற்றின் பெட்டிக்குள் கியூ ஆய்வகத்தின் சான்றிதழ் ஒட்டப்பட்டிருக்கும். வில்லின் வெவ்வேறு இடங்களில் எவ்வளவு திருத்தம் வேண்டும் என்பதை அது பட்டியலிடுகிறது. கருவியின் பிழை இவ்வளவு என்று எழுதித் தந்த அத்தாள், பளபளக்கும் புதுப்பூச்சைக் காட்டிலும் மதிப்புடையது.

சான்றிதழ் இல்லையெனில் வானமே சான்று. கொல்லிமலையின் தெளிந்த தை, மாசி இரவுகளில் திருவாதிரைக்கும் ரீகலுக்கும் இடைப்பட்ட கோணம் 18.6 பாகை, சிரியசுக்கும் அகத்திய மீனுக்கும் இடைப்பட்டது 36.2 பாகை. பஞ்சாங்க எண்களிலிருந்து இவற்றைக் கலை அளவில் கணக்கிட்டு, ஒளிமுறிவு குறுக்கும் ஓரிரு கலையையும் கழித்து, கருவி காட்டும் அளவோடு ஒப்பிட்டால் வில்லின் அப்பகுதிகளில் உள்ள பிழை வெளிப்படும். பழைய கருவியை வாங்குமுன் விற்பவர் ஓரிரவு கடன் தருவாராயின் இச்சோதனையைச் செய்துவிடலாம்.

தொலைநோக்கியும் தெரிவில் அடங்கும். துருவ மீன் இரண்டாம் தர ஒளியுடையது. அதற்கு நான்கு மடங்கு பெருக்கமும் 40 மில்லிமீட்டர் வாயும் உடைய தொலைநோக்கி ஏற்றது. முழுப்பரப்பும் பாதி ஒளியைக் கடத்தும் புதுவகை அடிவானக் கண்ணாடி சூரியனுக்கு எளிது; மங்கிய விண்மீனுக்கு ஒளி போதாது. துருவ மீனையே முதன்மையாக அளக்கவிருக்கும் ஆய்வாளர் பாதி பூசிய பழைய வகையைத் தெரிவு செய்தல் தகும்.

மலையில் அடிவானம்

கடலில் அடிவானம் இலவசம். கொல்லிமலையில் அது கிடையாது. மலைவிளிம்பில் நின்று கீழே சமவெளி வானைத் தொடும் புகைக்கோட்டை அடிவானமாகக் கொள்ளும் எண்ணம் எழலாம். கண் கடல்மட்டத்திலிருந்து உயர உயர அடிவானம் தாழும். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76 ஆற் பெருக்கினால் அத்தாழ்வு கலையில் கிடைக்கும். 1,200 மீட்டருக்கு அது 61 கலை. நிலம் சமனில்லாததாலும் தூசுமூட்டத்தாலும் இக்கணக்கையும் நம்ப முடியாது. இதனைத் திருத்தாமல் எழுதினால் கொல்லிமலை 110 கிலோமீட்டர் இடம்பெயர்ந்துவிடும்.

ஆகவே செயற்கை அடிவானம் வேண்டும். தட்டில் ஊற்றிய திரவத்தின் பரப்பு தானே சமனுறும். அதில் தெரியும் விண்மீனின் பிம்பத்துக்கும் வானத்து விண்மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து, சுட்டுப் பிழையை நீக்கி, இரண்டால் வகுத்தால் உயரம் கிடைக்கும். அடிவானத் தாழ்வு என்னும் திருத்தமே இங்கு இல்லை. கருவியில் எஞ்சிய பிழையும் இரண்டால் வகுபடுகிறது; இரண்டு கலை தவறும் நெகிழிக் கருவி ஒரு கலையே தவறும்.

பழைய நில அளவையர் பாதரசத்தைப் பயன்படுத்தினர். அதன் ஆவி நச்சுத்தன்மை உடையது. இன்று அதை நாடவேண்டியதில்லை. கறுப்புத் தட்டில் எண்ணெய் போதும். ஆனால் எவ்வெண்ணெய் என்பது மலையில் ஒரு கேள்வி. சமவெளியில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 செல்சியசுக்குக் கீழ் உறையத் தொடங்கும். மார்கழி இரவில் கொல்லிமலையில் தட்டில் வெண்மெழுகே மிஞ்சும். ஆமணக்கெண்ணெய் உறையாது; அதன் குழைவுத்தன்மையால் இளங்காற்றில் அலையும் எழாது.

இனி, இம்மலையின் அட்சரேகை கருவியின் வில்லோடு மோதும் இடம். கோணம் இரட்டிப்பதால் 120 பாகை வில்லுடைய கருவி 60 பாகை உயரம் வரையே அளக்கும். கொல்லிமலையிலோ ஏப்ரல் 19, 20 நாள்களிலும் ஆகஸ்ட் 23, 24 நாள்களிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. நண்பகல் உயரம் 60 பாகைக்குள் அடங்குவது நவம்பர் நடுப்பகுதி முதல் சனவரி இறுதி வரையே. டிசம்பர் 22-இல் அது 55 பாகை 19 கலை. தட்டில் அளக்கும் இரட்டைக் கோணம் 110 பாகை 39 கலை அளவில் அமையும். அப்பருவத்தின் முற்பகுதியை வடகிழக்குப் பருவமழையின் முகில்கள் கொண்டுபோய்விடும். ஐரோப்பியக் கையேடுகள் முதற்பாடமாகக் கற்பிக்கும் நண்பகல் அளவீடு இங்கு ஆண்டில் சில வாரங்களுக்கே உரியது. வாங்கும் கருவியின் வில் 125 அல்லது 130 பாகை வரை நீளுமாயின் அவ்வாரங்கள் சற்று நீளும். விலைப்பட்டியலில் எவரும் நோக்காத இவ்வெண், இம்மலைக்கு முதன்மையானது.

துருவ மீனுக்கு நேரெதிரான இடர் உண்டு. 11 பாகை உயரத்தில் ஒளி எண்ணெய்ப் பரப்பை உரசியே செல்கிறது. தட்டின் விளிம்பு திரவத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நின்றால் 5 சென்டிமீட்டர் தொலைவுக்கு ஒளியை மறைக்கும். தட்டு வடக்கு தெற்காகக் குறைந்தது 25 சென்டிமீட்டர் நீளம் இருத்தலும், எண்ணெய் விளிம்புவரை நிரம்பியிருத்தலும் வேண்டும். தரையில் வைத்தால் நிற்பவர் ஏழெட்டு மீட்டர் பின்னே செல்ல நேரும்; அத்தொலைவிலிருந்து பிம்பத்தைத் தேடுவது வீண்முயற்சி. கண்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, மேசை அல்லது திண்ணைமீது வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்தால் பிம்பம் அகப்படும். வடக்கே மேடு மறைக்காத இடமும் காற்றில்லாத பொழுதும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நேரத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டா. துருவ மீனின் உயரம் ஒரு கலை மாற விரைவான கட்டத்திலும் ஆறு நிமிடம் ஆகிறது.

பிழையறிதல்

திருத்தத்தக்க பிழைகள் மூன்றை நோக்கும் வரிசை மாறக்கூடாது. முதலில் சுட்டுக்கண்ணாடி சட்டத்துக்குச் செங்குத்தாக உள்ளதா எனக் காண வேண்டும். கையை வில்லின் நடுவில் நிறுத்திக் கண்ணாடிக்குள் தெரியும் வில்லும் நேரே தெரியும் வில்லும் ஒரே தொடர்கோடாக அமைய வேண்டும். அடுத்து அடிவானக் கண்ணாடியின் பக்கப் பிழை. கை சுழியைக் கடக்கும்போது விண்மீனின் பிம்பம் மெய்ம்மீனின்மீதே ஏறிச் செல்ல வேண்டும், பக்கத்தே விலகிச் செல்லலாகாது. இறுதியாகச் சுட்டுப் பிழை. இரு கண்ணாடிகளும் இணையாக நிற்கும்போது கருவி சுழியைக் காட்டாமல் காட்டும் எண்ணே அது.

சுட்டுப் பிழையைச் சூரியனால் அறிவது தன்னைத்தானே சரிபார்க்கும் அழகிய முறை. நிறக்கண்ணாடிகளை இட்டு, சூரியனின் இரு பிம்பங்களும் மேல்விளிம்பும் கீழ்விளிம்புமாக ஒட்டி நிற்குமாறு சுழிக்கு இருபுறமும் அளக்க வேண்டும். வில்லின் உட்புறம் 33.8 கலையும் வெளிப்புறம் 31.4 கலையும் கிடைத்ததாகக் கொள்வோம். வேறுபாட்டில் பாதி 1.2 கலை, அதுவே சுட்டுப் பிழை, உட்புறம் மிகுந்ததால் கழிக்கத்தக்கது. இரண்டின் கூட்டுத்தொகை 65.2; அதை நான்கால் வகுத்தால் 16.3. இது அந்நாளைய சூரியனின் அரைவிட்டத்தோடு பொருந்த வேண்டும். டிசம்பர், சனவரியில் அது 16.3 கலையே. பொருந்தாவிடில் அளந்தவரின் கண்ணோ கையோ தவறியது. இரண்டு மூன்று கலைக்குட்பட்ட சுட்டுப் பிழையைத் திருகித் திருத்தாமல் குறித்துவைத்துக் கழிப்பதே அறிவுடைமை. அடிக்கடி திருகினால் திருகின் மரை தளர்ந்து பிழை நிலையற்றதாகிவிடும்.

சட்டம் வளைந்தாலோ மையம் விலகினாலோ திருத்த வழியில்லை. இவ்விடத்தில் வில்லியம் லாம்டனின் பெருந்தியோடலைட்டு நினைவுக்கு வரும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அரைடன் எடையுள்ள அக்கருவியை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் உருக்குலைந்தது. லாம்டன் ஆறு வாரங்கள் அளவில் உழைத்து ஆப்பும் திருகும் கொண்டு வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய நிலைக்குக் கொணர்ந்தார். முழுவட்டமாக இருந்ததால், எதிரெதிரே பல இடங்களில் படித்துச் சராசரி காண்பதன் மூலம் எஞ்சிய பிழை பெரிதும் நீங்கியது. செக்ஸ்டன்ட் வட்டத்தின் துண்டு மட்டுமே; எதிர்ப்புறம் படித்துப் பிழையை நீக்கும் வாய்ப்பு அதற்கில்லை. ஒருமுறை விழுந்த செக்ஸ்டன்ட் எத்தனை அழகாக இருப்பினும் ஐயத்துக்குரியதே.

பேணுதல்

விழாமற் காப்பதே பேணுதலின் பெரும்பகுதி. கருவியைச் சட்டத்தையோ கைப்பிடியையோ பற்றித் தூக்க வேண்டும். வில்லையும் நகரும் கையையும் பற்றலாகாது. காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தின் சுமைத்தட்டில் வைக்கப்பட்ட பெட்டி ஒவ்வொரு வளைவிலும் ஒருபுறம் சரியும். பெட்டி மடியில் இருப்பதே முறை. மேலே சென்றதும் முதற்பணி சுட்டுப் பிழையைப் புதிதாகக் காண்பது. கீழே கண்ட எண்ணை மேலே பயன்படுத்தலாகாது.

தமிழ்நாட்டில் இக்கருவிகளுக்குப் பெரும்பகை உப்புநீர் எனக் கருதுவது இயல்பு. கடலிற் பயன்படுத்திய நாளிலேயே நன்னீரால் நனைத்த மென்துணியால் துடைத்து உலர்த்திவிட்டால் உப்பு தீங்கு செய்யாது. மெய்யான பகை புளியும் பித்தளைப் பொலிவுக் குழம்புமே. பூசைப் பாத்திரம் துலக்கும் கை, மங்கிய பித்தளையைக் கண்டால் வாளாவிராது. வில்லின் கோடுகள் மயிரிழை ஆழமே உடையவை. சிலமுறை துலக்கினால் அவை மழுங்கும், பின் மறையும். மங்கல் நிறம் பித்தளைக்குக் காப்பு. வில்லை மென்தூரிகையால் தூசு நீக்கி, தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி தடவித் துடைத்தாற் போதும். காட்சிக்காகத் துலக்கப்பட்ட பழங்கருவி ஆய்வுக்கு இறந்துவிட்டது எனலாம்.

கண்ணாடியின் பின்பூச்சு விளிம்பிலிருந்தே கெடும். கருப்புப் புள்ளிகள் தோன்றியவுடன் விளிம்பை வார்னிசால் அடைத்தால் கேடு பரவாது. நடுவரை அரித்துவிட்டால் மறுபூச்சு அல்லது மாற்றுக் கண்ணாடி. மாற்றும்போது இருமுகமும் இணையான தட்டைக் கண்ணாடியாக இருக்க வேண்டும், கடையில் வெட்டித்தரும் முகம்பார்க்கும் கண்ணாடி உதவாது. கொல்லிமலையின் பனிமூட்டத்தில் தொலைநோக்கியின் வில்லைகளுக்குள் பூஞ்சை படரும். பெட்டியின் உள்ளே ஒட்டிய கம்பளித்துணி ஈரத்தைப் பிடித்துவைத்து அதற்கு உரமாகும். கருவி நனைந்திருந்தால் பெட்டியை மூடாமல் அறைக்குள் உலரவிட்டு, பின்னர் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடுவது நலம். மாதம் ஒருமுறை பொட்டலத்தை வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்த வேண்டும். புழுத்திருகை ஆண்டுக்கொருமுறை தூரிகையால் துலக்கி எண்ணெயிடலாம். அளக்கும்போது உருளையை எப்போதும் ஒரே திசையில் திருப்பி முடிப்பது தேய்மானத்தின் விளைவை மறைக்கும்.

இவ்வளவும் வழக்கொழிந்த கலைக்கான உழைப்பு என எண்ணுவோர்க்கு அபிலாஷ் டோமியின் பயணத்தைச் சுட்டலாம். செயற்கைக்கோள் வழிகாட்டியைத் தடைசெய்த கோல்டன் குளோப் பந்தயத்தில், 2018-இல் இந்தியக் கடற்படை அதிகாரியான அவர் ‘துரியா’ என்னும் பாய்மரப் படகில் செக்ஸ்டன்டைத் துணைக்கொண்டு தனியே சென்றார். தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பு காயமுற்று மீட்கப்பட்டார். அடுத்த பந்தயத்தில் மீண்டும் கலந்துகொண்டு 2023 ஏப்ரலில் இரண்டாம் இடத்தில் கரைசேர்ந்தார்.

ஆய்வாளர்க்கு எஞ்சுவது ஒரு குறிப்பேடு. நாள், இடம், வெப்பநிலை, அளவீட்டுக்கு முன் கண்ட சுட்டுப் பிழை, பின் கண்ட சுட்டுப் பிழை, அளந்தவர் பெயர் ஆகிய ஆறு கட்டங்கள் போதும். இக்குறிப்பேடு கருவியின் பெட்டிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். துறையின் அலமாரி மாறினாலும், ஆய்வாளர் பட்டம் பெற்றுச் சென்றாலும், அடுத்து அக்கருவியை எடுப்பவர் அதன் பிழையை முதற்பக்கத்திலேயே படித்துக்கொள்வார்.